பழைய டெலிஃபோட்டோ லென்ஸ்: ‘பொருந்தும்’ என்றதும் காசை எடுத்து நீட்டாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் ஒரு கல்லூரித் தம்பியைப் பார்த்தேன். கையில் நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்., அதில் 135 மி.மீ. ரஷ்ய லென்ஸ், ஜூபிட்டர்-37ஏ. ஏரித் திட்டில் ஒரு கூழைக்கடா இறகைக் கோதிக்கொண்டு நின்றது. தம்பி ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்புகிறான், திரும்பக் கொண்டுவருகிறான், மறுபடியும் திருப்புகிறான். “அண்ணா, லென்ஸ் போயிடுச்சா பாருங்க” என்று நீட்டினான்.

வாங்கிப் பார்த்தேன். கூழைக்கடா வெறும் வெள்ளைப் பொதியாகத் தெரிந்தது. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு எட்டுத் தூரத்தில் ஒரு வேப்பமரம். அந்தப் பக்கம் திருப்பினேன். பட்டையில் இருந்த வெடிப்பும் அதில் ஊர்ந்த கட்டெறும்பும் துல்லியமாகத் தெரிந்தன. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அவ்வளவுதான்.

கண்ணாடியில் கீறல் பார்ப்பது, முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, காசு போன பிறகே தெரியவரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

‘பொருந்தும்’ என்பதை ‘ஃபோகஸ் ஆகும்’ என்று எடுத்துக்கொள்வது

சேலத்தில் மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில் கேனான் எஃப்டி 200 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். என்னிடம் இருந்தது நிக்கான் பாடி. “அடாப்டர் போட்டா பொருந்தும் சார்” என்றார் கடைக்காரர். உண்மைதான், பொருந்தியது. ஸ்டூடியோவுக்குள்ளேயே மாட்டி, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். தேதிக்குக் கீழே இருந்த நல்ல நேரம் வரை படிக்க முடிந்தது. மகிழ்ச்சியோடு காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஏற்காடு. லேடிஸ் சீட்டில் நின்று, கீழே தெரியும் சேலத்தை எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். ஊரும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. எட்டுத் தப்படித் தூரத்தில் இருந்த கம்பித் தடுப்பு மட்டும் கூர்மையாக வந்தது. அதற்கு அப்பால் உலகமே கரைந்து கிடந்தது. இருட்டிய பிறகு ஊர் விளக்குகள் ஒவ்வொன்றும் தட்டு அளவுக்கு வட்டமாக விரிந்தன. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

காரணம் எளிமையானது. ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய்) அதன் முகத்திலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. பழைய திருகு மவுண்டான எம்42 (தம்பியின் ஜூபிட்டர் இந்த வகை), பென்டாக்ஸ் கே இரண்டும் 45.46. கேனான் ஈஎஃப் 44. மினோல்டா எம்டி 43.5. கேனான் எஃப்டி 42. லென்ஸின் எண் கேமராவின் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால்தான் நடுவில் அடாப்டர் உட்கார இடம் கிடைக்கும். சிறியதாக இருந்தால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப்போய்விடும். தள்ளிப்போன லென்ஸுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும்.

எவ்வளவு தூரம் வரை தெரியும் என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஃபோகல் லென்த்தை (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) அதே எண்ணால் பெருக்கி, எத்தனை மி.மீ. தள்ளிப்போகிறதோ அதால் வகுத்துவிடுங்கள். என் லென்ஸுக்கு 200 × 200 = 40,000. தள்ளிப்போனது 4.5 மி.மீ. விடை சுமார் 8,900 மி.மீ., அதாவது ஒன்பது மீட்டருக்குள். அடாப்டர் தகட்டின் கனத்தையும் சேர்த்தால் ஆறேழு மீட்டர்தான் மிஞ்சும். லேடிஸ் சீட்டின் கம்பித் தடுப்பு சரியாக அங்கேதான் இருந்தது. காலண்டர் அதற்கும் கிட்டே இருந்ததால்தான் தெளிவாகத் தெரிந்தது. அறைக்குள் வைத்துச் சோதித்தால் இந்தக் குறை ஒருபோதும் வெளியே வராது. இன்று வரை எனக்கு ஆறாத எரிச்சல் இதில்தான். பத்தடி நடந்து தெருவுக்கு வந்து, தூரத்து மலையையோ மின் கோபுரத்தையோ பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

விஷயம் அதோடு முடியவில்லை. உள்ளே சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கும் என்றார்கள். 1,800 ரூபாய் கொடுத்து அதையும் வாங்கினேன். மலை ஃபோகஸ் ஆனது. ஆனால் படம் முழுக்க ஈரத் துணியை வைத்துத் துடைத்த மாதிரி மங்கல். வெயில் பக்கம் திருப்பினால் வெளுத்தே போகும். ஜப்பானில் அவ்வளவு கவனமாகக் கடைந்த ஏழு கண்ணாடிகளுக்குப் பின்னால் மலிவான ஒரு கண்ணாடியை வைத்தால் படத்தின் தரத்தை அந்த மலிவுக் கண்ணாடிதான் தீர்மானிக்கும்.

ஆகவே கணக்கு இப்படி. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் நிக்கான் லென்ஸையே தேடுங்கள். ஏஐ வகை (1977 முதல் வந்த மவுண்ட் அமைப்பு) நிக்கோர் 135 எஃப் 3.5, 200 எஃப் 4, இ சீரிஸ் 75–150 எஃப் 3.5 எல்லாம் அருமையானவை. டி3000, டி5000 வரிசையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. டி7000, டி7100, டி7200-இல் செய்யும். டி7500-இல் செய்யாது. கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் எம்42, நிக்கான் லென்ஸ்கள் தாராளமாக வரும். கேனானின் சொந்தப் பழைய எஃப்டி வராது. 1987-இல் ஈஎஃப் மவுண்ட் வந்தபோது பழையதோடு உறவை அறுத்துக்கொண்டார்கள். மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத கேமரா) என்றால் கவலையே வேண்டாம். சோனி இ 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16. மேலே சொன்ன எந்தப் பழைய லென்ஸுக்கும் கண்ணாடி இல்லாத வெற்றுக்குழாய் அடாப்டரே போதும்.

டார்ச் அடிக்காமல் வாங்குவது

அப்பர்ச்சரை (ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி அதையே செய்யுங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. அது கண்ணாடி மேலுள்ள பூச்சையும் கடைசியில் கண்ணாடியையுமே அரித்துவிடும். முற்றிய பூஞ்சையைத் துடைத்தாலும் தழும்பு போகாது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம். கீழே வைத்துவிடுங்கள்.

அப்பர்ச்சர் பிளேடில் எண்ணெய் பளபளத்தால் மட்டும் நான் பேரம் பேசி வாங்குவேன். அடாப்டரில் போடும்போது அப்பர்ச்சரை நாம்தான் கையால் திருப்புகிறோம். பிளேடு கொஞ்சம் மெதுவாக மூடினாலும் படம் கெடாது.

ஏற்காட்டு வீடுகளிலிருந்து வரும் லென்ஸ்களை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள். மழைக்காலம் முழுக்க மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் ஊர் அது. தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டியிருந்தால் தோல் குடித்த ஈரமெல்லாம் லென்ஸுக்குத்தான். வாங்கியதும் உறையைத் தனியே எடுத்துவிட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து மறுபடி போடலாம். சேலத்துக்காரர்களுக்கு வேறு எச்சரிக்கை: சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். உள்ளிருக்கும் கிரீஸ் இளகி பிளேடுக்குப் போவது அப்படித்தான்.

பெரிய எண்ணுக்கு ஆசைப்படுவது

500 மி.மீ. மிரர் லென்ஸ், 420–800 ஜூம் இவற்றின் விலையைப் பார்த்துத்தான் புதியவர்கள் விழுகிறார்கள். மிரர் லென்ஸில் அப்பர்ச்சர் பெரும்பாலும் எஃப் 8-இலேயே நின்றுவிடும். எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கொண்டைக்குருவியை எடுக்க அந்த வெளிச்சம் போதவே போதாது. 420–800-இன் 800 முனையில் எஃப் 16. நல்ல 200 எஃப் 4-இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினால் இதைவிடத் தெளிவாக வரும்.

2 மடங்கு கன்வெர்ட்டர் (லென்ஸுக்குப் பின்னால் மாட்டி ஃபோகல் லென்த்தை இரட்டிப்பாக்குவது)

வேண்டாம்.

1977-க்கு முந்தைய நிக்கோர்

ஏஐ ஆக மாற்றாததை டி7000 போன்ற பாடியில் திணித்தால் மவுண்டைச் சுற்றியுள்ள சிறு நெம்புகோல் உடையும்.

வெளிநாட்டு விலையை மட்டும் பார்ப்பது

தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேமராவிடம் சொல்லாமல் விடுவது

மிரர்லெஸ்ஸில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற அமைப்பை இயக்காவிட்டால் சில பாடிகள் படமே எடுக்காது. பாடிக்குள் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் ஃபோகல் லென்த்தை நீங்களே பதிய வேண்டும். 50 என்று பதிந்துவிட்டு 200-ஐ மாட்டினால் நடுக்கத்தில் பெரும்பகுதி படத்தில் வரும். அந்த வசதி இல்லாவிட்டால் 200-க்கு 1/300 நொடியைவிட மெதுவான ஷட்டரில் கையில் பிடித்து எடுக்காதீர்கள்.

தவறாக வாங்கியதை உடனே தள்ளிவிடுவது

அந்த எஃப்டி 200-ஐ நான் கோபத்தில் பாதி விலைக்கு விற்றேன். மூன்று வருஷம் கழித்து மிரர்லெஸ் வாங்கியபோது அதே லென்ஸைத் தேடி 7,000 கொடுத்து வாங்கினேன். அதனால் மூக்கனேரித் தம்பியிடம் விற்காதே என்று சொன்னேன். பத்து மீட்டருக்குள் அவனுடைய ஜூபிட்டருக்கு ஒரு குறையும் இல்லை. தள்ளி உட்கார்ந்திருப்பதால் வழக்கத்தைவிடக் கிட்டேயும் ஃபோகஸ் ஆகும். போன வாரம் ஏற்காடு அண்ணா பூங்காவில் எடுத்த ஒரு பட்டாம்பூச்சிப் படத்தை அனுப்பியிருந்தான். இறகுச் செதில் வரிசை வரிசையாகத் தெரிகிறது.