மேட்டு நிலத்தில் ஒட்டுப் புளி வளர்க்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாசனம் எட்டாத செம்மண் மேடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் புளியைப் போலத் தோதான மரம் குறைவு. விதை போட்டு வளர்த்த மரம் காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். நல்ல மரத்தின் கிளைத்துண்டை வேறொரு புளி நாற்றின் தண்டில் இணைத்து உருவாக்கும் ஒட்டுச்செடியோ நான்காம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்குவதோடு தாய்மரத்தின் குணத்தையும் மாறாமல் கொண்டுவரும் என்பதால், ஒட்டையே நடுவது நல்லது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 ரகமும், கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகம் ஊரின் பெயரைத் தாங்கிய ரகமும் நம் பக்கத்துக்கு ஏற்றவை.

மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 மரம் பிடிக்கும். வரப்பிலிருந்து 5 மீட்டராவது உள்ளே தள்ளி நட வேண்டும். பங்கு பிரித்த நிலத்தில் கிளை அண்ணன் பக்கம் சாய்ந்தால், பிறகு வரும் பேச்சு புளியைவிடப் புளிக்கும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் அளவில் குழியைக் கோடையிலேயே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரத்தையும், கரையானுக்காக ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கையும் கலந்து மூடி, ஆடி, ஆவணி மழையில் நடலாம்.

ஒட்டு கட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். துளிர் நன்றாக ஓடியதும் அங்கே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்காவிட்டால், தண்டு பருக்கும்போது அது இறுக்கி, மேற்பகுதி காற்றில் ஒடிந்துவிடும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களைப் பார்த்தவுடன் கிள்ளிவிட வேண்டும். எங்கள் நிலத்தில் செழிப்பாக நிற்கிறதே என்று நான் இரண்டு ஆண்டுகள் மகிழ்ந்த ஒரு செடியில், ஒட்டு எப்போதோ காய்ந்துபோய், வெறும் வேர்ச்செடிதான் தழைத்திருந்தது.

முதல் இரண்டு கோடைகளில் வாரம் இரண்டு குடம் தண்ணீரும், தூரைத் தொடாமல் மண்ணை மூடும் இலைதழை மூடாக்கும், ஆடு எட்டாதபடி முள்வேலியும் போதும். நிழல் கட்டும்வரை இடையில் கொள்ளோ நிலக்கடலையோ விதைக்கலாம்.

தை முதல் சித்திரைவரை அறுவடை. பழத்தை விரலால் சுண்டினால் ஓடு சதையை விட்டு விலகிக் கூடாக ஒலிக்க வேண்டும். ஓட்டைச் சுரண்டிப் பச்சை தெரிந்தால் பறிக்காமல் காத்திருக்க வேண்டும். கழியால் அடித்தால் இளங்கிளைகள் சிதையும் என்பதால், கிளையை உலுக்கியும் எட்டாததைத் தொரட்டியால் பறித்தும் எடுத்து, வெயிலில் காயவைத்து, ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, உப்புச் சேர்த்து மண்பானையில் அழுத்தி வைக்க வேண்டும்.