உட்கட்சித் தேர்தலில் வேட்பாளரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் மாத அதிபர் தேர்தலில் பெரும்பாலான அமெரிக்க வாக்காளர்களுக்கு முடிவெடுப்பது கடினமில்லை. கட்சியின் பெயரே பாதி வேலையை முடித்துவிடும். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும், பிரைமரி என்று வழங்கும் உட்கட்சித் தேர்தலில் அந்தத் துணை கிடையாது. 2016-இல் குடியரசுக் கட்சியில் 17 பேரும், 2020-க்கான போட்டியில் ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கும் மேற்பட்டோரும், ஏறக்குறைய ஒரே கொள்கையைப் பேசிக்கொண்டு களத்தில் நின்றார்கள். வாக்காளரின் சொந்த அபிப்பிராயத்துக்கு மிகுந்த மதிப்புள்ள இடம் இதுதான். அதை நாம் எளிதாகக் கைவிட்டுவிடும் இடமும் இதுதான் என்பது என் கவலை.

கைவிடும் விதம் பெரும்பாலும் ஒன்றே. “எனக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் மற்றவர்கள் இவருக்குப் போடமாட்டார்கள்” என்று சொல்லி, வெல்லக்கூடியவர் எனப் பேசப்படுபவருக்கு வாக்கை மாற்றிவிடுகிறோம். மற்றவர்களும் நம்மைப் போலவே ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 2007-ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் நாடு தழுவிய கருத்துக்கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டனும் குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானியும் முன்னணியில் இருந்தார்கள். ஜூலியானி 2008 ஜனவரி இறுதியில் புளோரிடாவில் மூன்றாம் இடம் பெற்று விலகினார். பராக் ஒபாமாவை விரும்பிய கறுப்பின வாக்காளர்களிலேயே பலர், வெள்ளையர்கள் அவருக்கு வாக்களிக்கமாட்டார்கள் என்று எண்ணித் தயங்கினார்கள். மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையர்களாக உள்ள அயோவாவில் ஜனவரி 3 அன்று அவர் வென்ற பிறகே அந்தத் தயக்கம் உடைந்தது. அதே மாதம் தெற்கு கரோலைனாவில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். வெற்றி வாய்ப்பை எண்ணிப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு வேட்பாளர் இதற்கு முன் எங்கே, யாருடைய வாக்குகளைப் பெற்று வென்றார் என்று பார்ப்பது நியாயமான கேள்வி. அண்டை வீட்டாரின் மனத்தை நாமே கற்பனை செய்துகொள்வது வேறு.

அடுத்த தவறு, திட்ட அறிக்கைகளிலுள்ள சின்னஞ்சிறு வேறுபாடுகளைக் கொண்டு மட்டுமே தீர்ப்பளிப்பது. 2008-இல் ஹிலாரிக்கும் ஒபாமாவுக்கும் இடையே நடந்த வாதங்களில் முக்கியமானது, மருத்துவக் காப்பீட்டை எல்லோருக்கும் சட்டப்படி கட்டாயமாக்குவதா என்பது. கட்டாயம் வேண்டும் என்றார் ஹிலாரி. பெரியவர்களுக்குக் கட்டாயம் கூடாது என்று ஒபாமா மறுத்தார். இதை மட்டும் வைத்து அணி பிரிந்தவர்களும் உண்டு. 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அதே கட்டாயம் இடம்பெற்றிருந்தது. நாடாளுமன்றத்தில் எந்த வடிவம் நிறைவேறும் என்பதை வேட்பாளரின் அறிக்கை தீர்மானிப்பதில்லை. செனட்டில் பெரும்பாலான சட்டங்களுக்கு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே 60 உறுப்பினர்களின் ஆதரவு தேவைப்படுகிறது. ஆகவே, கையில் அதிகாரம் இருந்தபோது அவர் எதற்காக மெனக்கெட்டார், எதை முதலில் விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பது அறிக்கையின் இருபதாவது பக்கத்தைப் படிப்பதைவிட அதிகம் சொல்லும்.

ஒரே ஒரு காட்சியை வைத்து ஒருவரை முடிவுகட்டுவதும் இதைப் போன்றதே. 2004-இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர் ஹோவர்ட் டீன் மேடையில் கத்தியதால்தான் தோற்றார் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள்; அவர் கத்தியது அயோவாவில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட பிறகு, அதே இரவில். 2019 ஜூன் விவாதத்தில் ஜோ பைடனைக் கமலா ஹாரிஸ் மடக்கிய காட்சிக்குப் பின் அவருடைய ஆதரவு சட்டென உயர்ந்தது; டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, அவர் போட்டியிலிருந்து விலகினார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம்மில் பலருக்கு அவர்மீது கூடுதல் பாசம் இருந்தது, எனக்கும் இருந்தது. அந்தப் பாசத்தில் குற்றமில்லை. ஆனால் கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞராக அவர் என்ன செய்தார் என்பதை ஆராயாமலே ஆதரவளிப்பதும், அதை ஆராயாமலே எதிர்ப்பதும் ஒரே குறைதான்.

அபிப்பிராயம் தெளிவான பின்னும் வாக்கு வீணாகலாம். 2020-இல் கலிபோர்னியாவில் தபால் வாக்குச்சீட்டுகள் பிப்ரவரித் தொடக்கத்திலேயே வீடு வந்து சேர்ந்தன. அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த பைடன் பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலைனாவில் வென்றார். மறுநாள் பீட் புட்டிஜெஜும், அதற்கடுத்த நாள் ஏமி குளோபுச்சாரும் விலகினார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. விலகியவர்களுக்குக் கலிபோர்னியாவில் முன்கூட்டியே அனுப்பிய வாக்குகளைத் திரும்பப் பெற வழியில்லை. போட்டி கலங்கலாக இருக்கும் ஆண்டில் கடைசி வாரம்வரை காத்திருங்கள். ஜனநாயகக் கட்சியில் 15 விழுக்காடு பெறாதவருக்குப் பொதுவாகப் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவுசெய்ய வாக்களிப்பவர்கள்) கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குடியரசுக் கட்சியின் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: 2016-இல் தெற்கு கரோலைனாவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்ற டொனால்ட் டிரம்ப் அங்கிருந்த 50 பிரதிநிதிகளையும் பெற்றார்.

எந்தக் கட்சியின் பிரைமரியில் யார் வாக்களிக்கலாம் என்பதை வரையறுக்கும் பதிவு விதியைக் கவனிக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. 2016 ஏப்ரல் 19 அன்று நடந்த நியூயார்க் பிரைமரியில் வாக்களிக்க, முன்பே பதிவுபெற்ற ஒருவர் கட்சி மாற வேண்டிய கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டிரம்பின் மக்களான இவாங்காவும் எரிக்கும் உரிய நாளுக்குள் கட்சிப் பதிவைச் செய்யாததால் தந்தைக்கு வாக்களிக்க இயலவில்லை. கலிபோர்னியாவில் எந்தக் கட்சியும் சாராதவர் என்று எண்ணிக்கொண்டு ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்ற வலதுசாரிக் கட்சியில் பதிவுசெய்துவிட்டவர்கள் ஏராளம். டெக்சஸில் கட்சிப் பதிவே கிடையாது. உங்கள் மாநில விதி எது என்பதைப் போட்டி சூடுபிடிக்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

வேட்பாளர் முடிவாகிவிட்டார் என்று செய்தி வந்ததும் வீட்டிலேயே இருந்துவிடுவதும் தவறு. 2016 ஜூன் 6 இரவு, கலிபோர்னியா வாக்களிப்பதற்கு முந்தைய நாள், தேவையான பிரதிநிதிகளை ஹிலாரி பெற்றுவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. இனி எதற்கு என்று மறுநாள் வாக்குச்சாவடிக்குப் போகாதவர்கள் வேறொன்றையும் தவறவிட்டார்கள்: அதே வாக்குச்சீட்டில் அமெரிக்க செனட் இடத்துக்கான முதற்சுற்றும் இருந்தது. அதில் முதலிடம் பெற்றவர் கமலா ஹாரிஸ்.