பூங்காவை முதலில் கணினியில் கட்டிப் பாருங்கள்: ஊர்க் கருத்தைத் திரட்ட ஒரு செய்முறை

ஊரில் ஒரு பொது இடம் சும்மா கிடக்கிறது. அதில் பூங்காவோ விளையாட்டுத் திடலோ வரப்போவதாகப் பேச்சு. கூட்டம் போட்டால் எப்போதும் பேசுகிற அதே நாலு பேர்தான் பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் குறி வரும். வரைபடத்தை விரித்துக் காட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள்.

இதற்கு, நகரங்களையும் மக்கள் குடியிருப்புகளையும் கவனிக்கும் ஐ.நா.வின் யுஎன்-ஹாபிடாட் அமைப்பு 2012-இல் ஒரு வழி பிடித்தது. 'பிளாக்' எனும் கனசதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட்; அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 'பிளாக் பை பிளாக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பொது இடத்தை மக்களே விளையாட்டுக்குள் கட்டிக் காட்டுவார்கள், கட்டடக் கலைஞர்கள் அதைப் பார்த்து வரைவார்கள். கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் தொடங்கி, மும்பை உட்படப் பல நகரங்களில் செய்தாயிற்று. நம் தெருவுக்கும் இது சரிப்படும். மெட்டாவெர்ஸ் என்கிற மெய்நிகர் உலகம், தலையில் மாட்டும் கண்ணாடி என்று யாராவது விலைப்பட்டியல் நீட்டினால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். இரண்டு மூன்று மடிக்கணினிகள் போதும்.

1. எது மாறும், எது மாறாது?

முதலில் கவுன்சிலரையோ ஊராட்சித் தலைவரையோ பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், தண்ணீர்த் தொட்டி, மழைநீர் வடிகால் போல நகர்த்தவே முடியாதவை எவை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுக்கிறவருக்குத் தெரியாமல் கருத்துக் கேட்டால், கடைசியில் அந்தக் கருத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

2. சமூக ஊடகத்தில் குறை கேளுங்கள், ஆசை கேட்காதீர்கள்

"என்ன வேண்டும்?" என்று கேட்டால் நீச்சல் குளம் வரைக்கும் பட்டியல் வரும். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இங்கே எந்தப் பக்கம் நடக்கத் தயங்குகிறீர்கள்?", "பிள்ளையைக் கூட்டிவந்தால் எங்கே உட்காருகிறீர்கள்?" என்று கேளுங்கள். இடத்தின் படத்தோடு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். தட்டச்சு செய்யத் தயங்குபவர்களிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்கள் இரண்டு நிமிடம் பேசி அனுப்பும் குரல் பதிவில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "கடை வாசலில் நிற்கிற பையன்களால் தொல்லை" என்பதை எந்தப் பெண்ணும் அதில் குத்த மாட்டார். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம் வையுங்கள்.

3. அளவெடுத்து உலகத்தை உருவாக்குங்கள்

மைன்கிராஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லையென்றால் லுவான்டி இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த இலவச மென்பொருள் அது. அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியிலும் பெரும்பாலும் ஓடிவிடும். நிறுவியதும் உள்ளடக்கப் பகுதியிலிருந்து 'மைன்டெஸ்ட் கேம்' என்பதை இறக்கிக்கொள்ளுங்கள். புதிய உலகம் உருவாக்கும்போது நில வகையில் 'ஃபிளாட்' தேர்ந்தெடுங்கள், அதாவது மலை பள்ளம் இல்லாத தரை. கிரியேட்டிவ் முறையையும் இயக்கிவிடுங்கள், அப்போதுதான் பொருள்கள் தீராது. மைன்கிராஃப்டிலும் இதே இரண்டு தேர்வுகள் உண்டு. அங்கே தட்டைத் தரைக்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயர்.

இந்த முறை முழுவதும் ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். கூகுள் மேப்ஸில் இடத்தின் மூலையில் ரைட் கிளிக் செய்து தூரம் அளக்கும் வசதியைத் திறந்து நான்கு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் நேரில் போய் டேப் பிடித்துச் சரிபாருங்கள். நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர் என்றால் விளையாட்டிலும் 40 பிளாக், 25 பிளாக். மூலைகளில் சிவப்புக் கம்பளி பிளாக் வைத்துக்கொண்டால் எண்ணும்போது தடுமாறாது. திசையில் சந்தேகம் வந்தால் விடியும் வரை காத்திருங்கள், விளையாட்டிலும் சூரியன் கிழக்கில்தான் உதிக்கும்.

இப்போது இருப்பதை அப்படியே கட்டுங்கள்: வேப்பமரம், தொட்டி, தெருவிளக்கு, உடைந்த சுவர் எல்லாம். யோசனை எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். நீங்கள் ஒரு ஊஞ்சலைப் போட்டுவிட்டால், வருகிறவர்கள் அந்த ஊஞ்சலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அளவு சரியாக இருப்பதன் பலன் சாய்தளம் போடும்போது தெரியும். சக்கர நாற்காலிக்கான சாய்வு 1:12. திண்ணை அரை மீட்டர் உயரம் என்றால் ஆறு மீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். விளையாட்டில் அரைப் பிளாக் உயரத்துக்கு ஒரு மேடை வைத்து, அதன் முன்னால் ஆறு பிளாக் தூரத்தைக் கம்பளியால் குறித்துப் பாருங்கள். நுழைவாயில் பக்கம் இடம் போதாது என்பது அப்போதே எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். காகித வரைபடத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு இன்ஜினியர் வேண்டும்.

4. கட்டும் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். முதல் அரை மணி கணினியைத் தொடாமல் எல்லாரும் அந்த இடத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். பிறகு ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று உட்கார வையுங்கள். அந்த மூவரில் ஒருவராவது விளையாடத் தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும், ஒருவராவது ஐம்பதைத் தாண்டியவராக இருக்கட்டும்.

மவுஸ் சிறுவன் கையில் மட்டும் இருந்தால் அரை மணியில் ஒரு கோட்டை எழும்பிவிடும். "பாட்டி சொல்கிற இடத்தில்தான் பெஞ்ச் வைக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு தடவை பாட்டியே மவுஸைப் பிடித்து ஒரு மரம் நடட்டும். அதற்குப் பிறகு அவர் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். கடைசியில் ஒவ்வொரு குழுவும் தாங்கள் கட்டியதைச் சுற்றிக் காட்டி, ஏன் அப்படி வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த 'ஏன்' எல்லாவற்றையும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கு வேண்டிய சரக்கு அதுதான், கட்டிய பிளாக்குகள் இரண்டாம் பட்சம்.

உலகத்தை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டாம். 2014-இல் டென்மார்க் அரசின் நிலவரைபடத் துறை நாடு முழுவதையும் உண்மை அளவில் மைன்கிராஃப்டில் வெளியிட்டது. வெடி வைக்க முடியாதபடி தடுத்தும் இருந்தார்கள். விளையாட வந்தவர்கள் சுரங்க வண்டியில் வெடியை ஏற்றி அந்தத் தடையைத் தாண்டினார்கள். கட்டடங்களைத் தகர்த்து அமெரிக்கக் கொடியை நட்டார்கள். ஒரே வைஃபையில் இருக்கும் கணினிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலகத்தின் கோப்புறையை ஒவ்வொரு மணி நேரமும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

5. திரும்பக் காட்டுங்கள்

ஒவ்வொரு வடிவத்திலும் மூன்று படம் போதும்: மேலிருந்து ஒன்று, நுழைவாயிலில் நிற்கிற ஆளின் கண் உயரத்திலிருந்து ஒன்று, இரவில் ஒன்று. லுவான்டியில் எஃப்12, மைன்கிராஃப்டில் எஃப்2 அழுத்தினால் படம் பதிவாகும். இரவுப் படத்தை விட்டுவிடாதீர்கள், விளக்கு எங்கே போதவில்லை என்பது அதில்தான் தெரியும். பங்கேற்ற பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

படத்தோடு "எது பிடித்திருக்கிறது?" என்று கேட்பதைவிட "இதில் எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். பணம் குறைவாக இருக்கும்போது தேவைப்படும் பதில் அதுதான்.

6. மனுவாக்குங்கள்

கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1-ஆம் தேதிகளிலும் தமிழ்நாட்டில் நடக்கிறது. நகரம் என்றால் பகுதி சபா கூட்டம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் படம், அளவு, எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எதற்கு எவ்வளவு ஆதரவு என்று எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

அந்தச் சீட்டின் படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிறகு ஏதாவது ஒன்றை அதிகாரிகள் மறுத்தால், எதை, என்ன காரணத்தால் மறுத்தார்கள் என்பதையும் அப்படியே போடுங்கள். கணினியில் இருக்கும் உலகத்தை அழிக்காதீர்கள். திட்டம் மாறினால் அதிலேயே திருத்தி மறுபடி காட்டலாம்.