அறுபதுகளின் கொள்ளைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

கோலாலம்பூரில் நம் வீடுகளில் பழைய படம் என்றாலே சிவாஜியும் எம்.ஜி.ஆரும்தான். அதே காலத்தில் பாரிஸிலும் லண்டனிலும் தோக்கியோவிலும் உருவான கொள்ளைப் படங்களைப் போட்டால், "நகரவே மாட்டேன் என்கிறதே" என்று பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம். அந்தப் படங்கள் ஒரு வேலை நடப்பதை அக்கறையோடு காட்டுபவை. கயிற்றை யார் பிடிக்கிறார், காவலாளி எப்போது திரும்பி வருவார் என்று பார்க்கப் பழகிவிட்டால் கண்ணை எடுக்க மனம் வராது. பழகும் வழி இது.

படி 1: ‘டாப்காப்பி’யில் தொடங்குங்கள்

1964இல் ஜூல்ஸ் டாசின் இயக்கிய வண்ணப்படம். இஸ்தான்புல் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள மரகதம் பதித்த குறுவாளைத் திருட ஒரு கூட்டம் திட்டமிடுகிறது. தரையில் கால் பட்டாலே அபாய மணி அடித்துவிடும். ஆகவே வாய் பேசாத கழைக்கூத்தாடி ஒருவரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்குகிறார்கள். மேலே கயிற்றைப் பிடிக்க வேண்டியவருக்கோ உயரம் என்றாலே நடுக்கம்! அந்த வேடத்துக்காகப் பீட்டர் உஸ்தினோவ் ஆஸ்கார் வாங்கினார்.

அலென் டெலோன் நடித்த ‘லெ சமுராய்’ (1967) உயர்ந்த படம்தான். ஆனால் மிக மெதுவாக நகரும்; அதை முதல் படமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

திட்டத்தை விளக்கும் காட்சியில்தான் பலர் தே தாரிக் கலக்க எழுந்து போகிறார்கள். அந்தக் காட்சியைத் தவறவிட்டால் பின்னால் வரும் கொள்ளை வெறும் ஓட்டமும் துரத்தலுமாகத் தெரியும். உட்கார்ந்து, கட்டடத்தின் வரைபடத்தைக் கோடுகளாகப் போடுங்கள். வாசல் எது, காவல் எங்கே, தப்பும் வழி எது என்று குறித்தால் போதும்.

இதற்கு ஏற்ற படம் ‘தி இத்தாலியன் ஜாப்’ (1969). இத்தாலியின் தூரின் நகரப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியைக் குழப்பி, ஊரையே நெரிசலில் நிறுத்திவிட்டுத் தங்கத்தை எடுப்பதுதான் திட்டம். பெரிய வண்டிகள் அசைய முடியாமல் நிற்க, மூன்று மினி கூப்பர் கார்கள் படிக்கட்டிலும் நடைபாதையிலும் கூரைமேலும் பாய்ந்து போகும். மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் சிக்கியவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். திட்டத்தை முழுவதுமாக நமக்குச் சொல்லிவிட்டார்கள் என்றால், பெரும்பாலும் அது எங்கேயோ இடறப் போகிறது. பாதியை மறைத்தால், பலிக்க வாய்ப்பு அதிகம். எந்த இடத்தில் இடறும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

படி 3: பேச்சில்லாக் காட்சிக்குப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள்

இந்த வகைக்கெல்லாம் தாய் டாசினின் முந்தைய படமான ‘ரிஃபிஃபி’ (1955). அறுபதுகளுக்கு முந்தியது என்றாலும் பார்த்தே ஆக வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரக் கொள்ளைக் காட்சியில் வசனமும் இல்லை, இசையும் இல்லை. நகைக்கடைக்கு மேல் உள்ள வீட்டின் தரையில் சிறு துளை போடுகிறார்கள். காரைத் துண்டு ஒன்று கீழே விழுந்தாலும் மணி அடித்துவிடும். மடக்கிய குடையைத் துளை வழியே நுழைத்துக் கீழே விரிக்கிறார்கள். உடைத்த காரை முழுவதும் அந்தக் குடைக்குள் விழுகிறது. பிறகு தீயணைப்புக் கருவியின் நுரையை அடித்து மணியின் வாயை அடைக்கிறார்கள்.

ஆங்கில, மலாய் வசன வரிகளைப் படிக்க முடியாத பாட்டியும் தாத்தாவும் இந்தக் காட்சியை யாருடைய உதவியும் இல்லாமல் பார்க்கலாம். முன்கதையை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். மின்விசிறிச் சத்தம் அதிகமானால் குறையுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இங்கே சுத்தியலைத் துணியில் சுற்றி அடிக்கும் ஓசைகூட முக்கியம்.

படி 4: வெளியான ஆண்டைப் பாருங்கள்

ஹாலிவுட்டில் அப்போது ஒரு தணிக்கை விதித்தொகுப்பு இருந்தது. குற்றவாளி குற்றத்தின் பலனை அனுபவிப்பதாகக் காட்டக்கூடாது. அறுபதுகளில் அது படிப்படியாகத் தளர்ந்து, 1968 நவம்பரில், எந்த வயதினர் பார்க்கலாம் என்று தரம் பிரிக்கும் சான்று முறைக்கு வழிவிட்டது. லாஸ் வேகஸில் ஐந்து சூதாட்ட விடுதிகளைக் குறிவைக்கும் ‘ஓஷன்ஸ் லெவன்’ (1960) படத்தையும், ஸ்டீவ் மெக்வீன் நடித்த ‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ (1968) படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். முடிவுகளை நான் சொல்ல மாட்டேன்.

படி 5: குரோசாவாவிடமிருந்து நம் பாலசந்தரிடம்

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) கடத்தல் கதை. செருப்பு நிறுவன அதிகாரியின் மகன் என்று நினைத்து, அவருடைய ஓட்டுநரின் மகனைத் தூக்கிவிடுகிறார்கள். பணம் வைக்கும் பை 7 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக்கூடாது என்கிறான் கடத்தியவன். ஏன் அந்த அளவு என்பது ஓடும் ரயிலில் தெரியவரும்போது உடம்பு சிலிர்க்கும்.

அடுத்த ஆண்டே, 1964இல், எஸ். பாலசந்தர் ‘பொம்மை’ எடுத்தார். குண்டு வைத்த பொம்மை ஒன்று ஊருக்குள் கைமாறிக்கொண்டே போகும் கதை. இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் பாருங்கள். ரயிலில் போகும் பையும் சென்னைத் தெருக்களில் அலையும் பொம்மையும் எப்போது யார் கையில் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக்கொண்டே வாருங்கள். பயம் கூடும் இடங்கள் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.