கோல் கணக்கை மூடிவைத்துவிட்டு ஒரு மிட்ஃபீல்டரை அளப்பது எப்படி

பெங்களூர் அல்சூர் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை இருக்கிறது. ஆஸ்டின் டவுனிலும் விவேக்நகரிலும் சாயங்காலம் கிரவுண்டு காலியாக இருப்பது அபூர்வம். இவ்வளவு பந்து பார்த்த ஜனங்களிடமும் "புதுசா ஒரு ஃபாரின் மிட்ஃபீல்டர் வர்றாராம், எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "எத்தனை கோல் போட்டிருக்கார்?" ஸ்ட்ரைக்கருக்கு அந்தக் கேள்வி சரி. நடுக்கள ஆட்டக்காரரிடம் அதைக் கேட்பது, பந்தியில் பரிமாறுகிறவரைப் பார்த்து "நீ எத்தனை இட்லி சாப்பிட்டாய்?" என்று கேட்பது மாதிரி.

டிம் ஸ்பார்வ் என்ற ஃபின்லாந்துக்காரர் தன் நாட்டுக்காக 84 ஆட்டம் ஆடினார், அடித்தது 1 கோல். ஃபின்லாந்து முதன்முறையாக யூரோ கோப்பைக்குப் போனபோது கேப்டன் அவர்தான். கோல் கணக்கை மட்டும் வைத்து எடை போட்டிருந்தால் அவரை டீம் பஸ்ஸிலேயே ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது இன்னொரு ஃபின்லாந்துக்காரரை. ஜோனி கௌகோ, 1990இல் துர்க்கு நகரத்தில் பிறந்தவர். 2021இல் கொல்கத்தாவின் ஏடிகே மோகன் பகானுக்கு வந்து நம் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஆடியவர் என்பதால் பலருக்கும் முகம் தெரியும். முறை யாருக்கும் பொருந்தும்.

முதலில் தாளில்

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஆறு பத்தி போடுங்கள்: வருஷம், கிளப், எந்த டிவிஷன், ஆடிய நிமிஷம், ஆடிய இடம், எப்படி விலகினார். கோலுக்குப் பத்தி வேண்டாம். பிறகு தேவைப்பட்டால் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

வருஷப் பத்தியிலேயே முதல் சறுக்கல் காத்திருக்கிறது. ஃபின்லாந்தில் குளிர்காலத்தில் வெளியில் ஆட முடியாது, அதனால் அங்கே லீக் ஏப்ரல் வாக்கில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிந்துவிடும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடும். ஆகவே பாதி வருஷத்தில் இடம் மாறினால் ஒரே வருஷம் இரண்டு வரியில் வரும். ஃபின்லாந்து மிட்ஃபீல்டர் யாரி லிட்மனென் 1992இல் முதல் பாதி அங்குள்ள மைபா கிளப்பிலும் பின்பாதி நெதர்லாந்தின் அயாக்ஸிலும் இருந்தார். இது தெரியாமல் கூட்டினால் ஒன்று, ஒரு சீசனை இரண்டு தடவை எண்ணுவீர்கள். அல்லது "ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கார்" என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள். தனி வருஷமாக (1992) எழுதியிருந்தால் ஃபின்லாந்து மாதிரி லீக், இரட்டை வருஷமாக (1992-93) எழுதியிருந்தால் மற்றது. இதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

(ஃபின்லாந்து என்றதும் பெங்களூரின் பழைய ஆட்டக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் நாம் 10-1 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. அந்த ஒரு கோல் பெங்களூர்க்காரர் அகமது கானுடையது.)

டிவிஷன் பத்தியை நிரப்பும்போது கிளப் பெயரை நம்பாதீர்கள், அந்த வருஷம் அது எந்தப் படியில் இருந்தது என்று பாருங்கள். கௌகோ ஜெர்மனியில் ஆடினார் என்றால் பேர் பெரிதாகக் கேட்கும். ஆனால் எஃப்எஸ்வி ஃப்ராங்க்ஃபர்ட் அப்போது இரண்டாம் டிவிஷன், அடுத்துப் போன எனர்ஜி கோட்பஸ் மூன்றாம் டிவிஷன். பிறகு டென்மார்க்கில் ராண்டர்ஸ், அதன்பின் எஸ்ப்யெர். இந்த எஸ்ப்யெர்தான் நல்ல பாடம். 2018-19இல் முதல் டிவிஷனில் மூன்றாம் இடம் பிடித்த கிளப், அடுத்த சீசனிலேயே கீழே இறங்கியது. கிளப் அதே, சட்டை அதே, ஆட்டக்காரரும் அவரே. எதிரே நின்றவர்களின் தரம்தான் மாறியது. அந்த வரியை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். கிளப் கீழே இருந்த காலத்தில்தான் அவர் யூரோ அணியில் இடம் பெற்றார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கிளப் இறங்கியதால் ஆட்டக்காரரும் இறங்கிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது.

நிமிஷம் பத்திதான் தாளின் முதுகெலும்பு. "20 ஆட்டம் ஆடினார்" என்று எழுதியிருக்கும். 70ஆவது நிமிஷத்தில் இறங்கியதும் ஓர் ஆட்டம், 90 நிமிஷம் நின்றதும் ஓர் ஆட்டம். எனவே ஒப்பிடும்போது எப்போதும் 90 நிமிஷத்துக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு சின்னதுதான். 1,080 நிமிஷத்தில் 5 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) கொடுத்தவருக்கு 5ஐ 90ஆல் பெருக்கி 1,080ஆல் வகுத்தால் 0.42. முழுசாக 20 ஆட்டமும் நின்று, அதாவது 1,800 நிமிஷத்தில், 6 அசிஸ்ட் கொடுத்தவருக்கு 0.30. பட்டியலில் ஆறு, ஐந்தைவிடப் பெரிது. தாளில் அது தலைகீழ்.

இதில் இரண்டு பொறி உண்டு. 900 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால் வகுக்கவே வேண்டாம். நாலு நல்ல நாள் வந்தாலே எண் வானத்துக்குப் போய்விடும். இன்னொன்று, கார்னரும் ஃப்ரீ கிக்கும் அடிக்கிறவருக்கு அசிஸ்ட் தானாகச் சேரும். அவற்றைத் தனியாகப் பிரிக்காவிட்டால், நன்றாகப் பந்து உயர்த்தத் தெரிந்தவரை நன்றாக ஆட்டம் படிப்பவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஆடிய இடம்: "மிட்ஃபீல்டர்" என்ற சொல் ரொம்பச் சோம்பேறிச் சொல். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்பவர் 6, இரண்டு பெனால்டி பெட்டிக்கும் நடுவே ஓடுபவர் 8, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்பவர் 10. லிட்மனென் அயாக்ஸில் 10. 1993-94இல் 26 கோலோடு நெதர்லாந்து லீக்கில் முதலிடம், 1995-96 சாம்பியன்ஸ் லீக்கில் 9 கோலோடு அதிலும் முதலிடம். ஃபின்லாந்துக்காக 137 ஆட்டம், 32 கோல். அவரையும் ஸ்பார்வையும் ஒரே பட்டியலில் வைத்து 32க்கு 1 என்று ஒப்பிடுவது, சமையல்காரரையும் விறகு பிளப்பவரையும் "யார் நிறைய தோசை சுட்டார்?" என்று கேட்பதற்குச் சமம். ஒரே ஆளே வயது ஏறும்போது 10இலிருந்து 8க்கோ 6க்கோ இறங்குவதும் உண்டு. அப்போது கோல் குறைவது வீழ்ச்சி அல்ல, வேலை மாற்றம்.

கோப்பையை எப்படிப் படிப்பது

பெங்களூர் ரசிகர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும். 2023 மார்ச் 18, கோவா ஃபடோர்டா, பெங்களூரு எஃப்சி ஆடிய ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. 2-2, பிறகு பெனால்டியில் 4-3, கோப்பை ஏடிகே மோகன் பகானுக்கு. கௌகோவின் பெயருக்கு நேரே அந்தப் பட்டத்தையும் சிலர் எழுதுவார்கள். ஆனால் அந்த சீசனில் நவம்பரிலேயே முழங்கால் காயத்தோடு அவர் வெளியேறிவிட்டார், இறுதிப்போட்டியில் ஆடவில்லை. அடுத்த சீசனில் கதை வேறு. 2024 தொடக்கத்தில், சீசன் பாதியில், அவரை மீண்டும் அணியில் பதிவு செய்தார்கள். ஏப்ரல் 15 அன்று மும்பை சிட்டியை 2-1 என்று ஜெயித்து மோகன் பகான் 48 புள்ளியோடு லீக் ஷீல்டை (லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணிக்கான பரிசு) எடுத்தது.

இரண்டு சீசன், இரண்டு கோப்பை. எடை ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள்: அந்த சீசனில் எத்தனை நிமிஷம்? முடிவைத் தீர்மானித்த கடைசிப் பத்து ஆட்டத்தில் இருந்தாரா? அவர் இல்லாத வாரங்களில் அணி எப்படி இருந்தது? மூன்றாவதுதான் மிட்ஃபீல்டருக்கு நேர்மையான தராசு. அவர் ஆடிய ஆட்டங்களில் அணி எடுத்த புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள், ஆடாதவற்றுக்கும் அதே மாதிரி. நடுவில் கோச் மாறியிருந்தால் மட்டும் ஜாக்கிரதை, மாற்றம் யாரால் வந்தது என்று பிரிக்க முடியாது. கௌகோ திரும்பிய நேரத்தில் கோச்சும் மாறியிருந்தார், அதனால் முழுப் பெருமையையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

பெரிய முழங்கால் காயத்துக்குப் பிறகு "எப்போது திரும்பினார்" என்பதைப் பார்க்காமல், திரும்பிய பின் முதல் எட்டு ஆட்டத்தில் எத்தனை தடவை முழு 90 நிமிஷம் நின்றார் என்று பாருங்கள். எப்படி விலகினார் என்ற கடைசிப் பத்திக்கு ஒரு வார்த்தை போதும்: ஒப்பந்தம் முடிந்தது, விற்றார்கள், லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக).

பிறகு ஸ்டாண்டில்

தாள் பாதிதான் சொல்லும். டிவி மீதியைச் சொல்லாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். மிட்ஃபீல்டரின் வேலை பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சிக்கல்: மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் ஸ்டாண்டு தள்ளியிருக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டினாற்போல் தெரிவார்கள், நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புரியாது. பக்கவாட்டு ஸ்டாண்டில் மேல் வரிசை, பாதிக்கோட்டுக்கு நேராக. கோலுக்குப் பின்னால் சத்தம் நன்றாக இருக்கும், கணக்கு எடுக்க முடியாது.

ஆட்டத்தை 15 நிமிஷம் வீதம் ஆறு துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் 3ஆவது நிமிஷத்திலிருந்து 8ஆவது வரை அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் சரி, பக்கத்திலிருப்பவர் எழுந்து கத்தினாலும் சரி. மீதி நேரம் சாதாரணமாக ரசிக்கலாம். முழு 90 நிமிஷமும் ஒரே ஆளைப் பார்க்க முயன்றால் இருபதாவது நிமிஷத்திலேயே கண் பந்துக்குத் தாவிவிடும். தாவியதே உங்களுக்குத் தெரியாது.

என்ன பார்க்க வேண்டும்? ஒரு கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சென்டர் பேக்கிடம் பந்து. நம் ஆள் எதிரணியின் இரண்டு ஃபார்வர்டுக்கும் பின்னால் நிற்கிறார். தலை வலது தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்புகிறது, இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, பிறகு பந்துக்கு. வலது கால் அரை அடி பின்னால் போகிறது, உடம்பு பக்கவாட்டில் திறக்கிறது. பாஸ் வருகிறது. முன்காலால் நிறுத்தாமல் தன்னைத் தாண்டவிட்டு, பின்காலின் உள்பக்கத்தால் தொடுகிறார். அந்த ஒரு தொடுதலிலேயே எதிரிகளில் இருவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவர் ஓடவே இல்லை. ஸ்டாண்டில் யாரோ "சோம்பேறி, ஓடவே மாட்டேங்கிறான்" என்பார். தாளில் நீங்கள் போட வேண்டியது முழு மார்க்.

குறிக்க ஐந்து அடையாளம் போதும். பந்து வருமுன் தலை இரண்டு தடவையாவது திரும்பினால் "த". உடம்பு திறந்து வாங்கினால் "தி", முதுகு காட்டி வாங்கினால் "மு". எதிரணியின் ஒரு வரிசையையாவது தாண்டிய பாஸுக்கு மேல்நோக்கிய அம்பு. தொலைத்த பந்துக்குப் பெருக்கல் குறி, சொந்தப் பாதியில் தொலைத்தால் அதற்கு வட்டம். பக்கத்துக்கும் பின்னாலும் தள்ளிய பாஸை எழுத வேண்டாம். "90 சதவீதம் சரியான பாஸ்" என்று பெருமையாகச் சொல்லும் எண்ணில் பெரும்பகுதி அதுதான்.

ஸ்கோரை ஒவ்வொரு துண்டின் தலையிலும் எழுதுங்கள். 1-0 முன்னிலையில் இருக்கும்போது பின்னால் தள்ளிக் கொடுப்பது கோழைத்தனம் அல்ல, கோச்சின் உத்தரவாகவும் இருக்கலாம். 0-1இல் 75ஆவது நிமிஷத்திலும் அதையே செய்தால்தான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர் என்றால் ஐந்தாவது, ஆறாவது துண்டை முதல் துண்டோடு ஒப்பிடுங்கள். "த" பாதியாகக் குறைந்திருந்தால் கால் போவதற்கு முன்னால் தலை களைத்துவிட்டது என்று அர்த்தம். டிசம்பர் இரவில் பெங்களூரின் குளுமையில் தாங்குகிறவர், கொச்சிப் புழுக்கத்தில் தாங்குவாரா என்பது வேறு கேள்வி.

ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று ஆட்டமாவது வேண்டும், அதில் ஒன்று பலமான அணிக்கு எதிராக. பக்கத்தில் ஆடும் இன்னொரு மிட்ஃபீல்டர் மூன்றிலும் ஒருவரேதானா என்றும் பாருங்கள். ஜோடி மாறினால் வேலையும் மாறும்.

முடிந்தால் இரண்டு பேராக உட்கார்ந்து தனித்தனியே குறியுங்கள், பேசிக்கொள்ளக் கூடாது. ஹாஃப் டைமில் தாளை மாற்றிப் பாருங்கள். பத்து குறியில் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆட்டக்காரரைப் பற்றிய சண்டையை நிறுத்திவிட்டு, "வரிசையைத் தாண்டிய பாஸ்" என்று ஆளுக்கு ஆள் எதை எண்ணினீர்கள் என்று முதலில் பேசித் தீருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.