திருவிழாக் கடைத்தெருவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் பேச்செல்லாம் மாமாங்கம்தான். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் கொடி ஏறியதும் வீதியின் இரண்டு பக்கமும் கச்சான் (நிலக்கடலை) கடை, காப்புக் கடை, விளையாட்டுச் சாமான் கடை, ஐஸ்கிறீம் வான் என்று வந்து இறங்கிவிடும். அது முடிய மண்டூர், கொக்கட்டிச்சோலைத் தேர், பாண்டிருப்புத் தீப்பள்ளயம் (தீமிதிப்பு) என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெருக்கள் நிரம்பும். குடும்பத்தோடும் கூட்டாளிமாரோடும் இப்படி ஒரு கடைத்தெருவில் இரண்டு மணித்தியாலம் சுற்றுவதைப்போல மலிவான சந்தோசம் நம் பக்கத்தில் வேறில்லை. அது அழுகையும் சண்டையுமாக முடிவதைப் பார்க்கத்தான் மனம் கேட்பதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வேகமாக நடக்கக்கூடிய ஆள் திட்டம் போடுகிறார், மெதுவாக நடக்கிற சின்னப்பிள்ளையும் அம்மம்மாவும் அவருக்குப் பின்னால் இழுபடுகிறார்கள்.

முதல் பிழை, சாமி கும்பிடுவதையும் கடை பார்ப்பதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது. மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசை அன்று. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து, தீர்த்தக் குளத்தில் முழுகி, பிதிர்க்கடன் செய்கிற நாள் அது. தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி, தகப்பனுக்கு இந்த நாள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினால் அவருக்குத் தலை சுற்றும், பிள்ளைக்கும் ஆசை தீராது. அன்று முழுகினோமா, கும்பிட்டோமா, வீட்டுக்கு வந்து படைத்துச் சாப்பிட்டோமா என்று இருங்கள். குளத்துப் படியில் பிள்ளையின் கையை விடவே விடாதீர்கள். ஈரப் படி வழுக்கும், நெரிசலில் யார் தள்ளினார்கள் என்றே தெரியாது.

கடைத்தெருவுக்கு அதற்கு முந்திய ஒரு பின்னேரம் தனியாகப் போங்கள். கொடியேறின அன்றே போனால் பாதிப் பேர் கடை கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். தேர், தீர்த்த நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. நடுவில் வருகிற ஒரு வேலைநாள் பின்னேரம்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. கடைக்காரருக்கும் முகம் பார்த்துப் பேச நேரம் இருக்கும்.

போன வருசத் திகதியை வைத்துக் கணக்குப் போடுவதும் பிழைதான். ஆடி அமாவாசை யூலை நடுவிலும் வரும், ஓகஸ்ட் நடுவிலும் வரும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றம் பிறைக் கணக்கில் நடப்பதால் வருசத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். இன்னொரு விசயம்: திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் அதே ஆடி அமாவாசையில்தான் கடலில் தீர்த்தம். மாமாங்கத்தில் முழுகிவிட்டு அப்படியே திருக்கோவிலையும் பார்த்து வருவோம் என்று சிலர் வான் பிடிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் 60 கிலோமீற்றருக்கு மேல். வயதானவர்கள் நாள் முழுக்க வானுக்குள் வேகத்தான் அது உதவும். ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

ஆடித் திருவிழாக் காலத்தில் ‘கச்சான்’ என்று நாம் சொல்கிற காற்றும் அடிக்கும். காய்ந்த சூட்டுக் காற்று. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாமலே பிள்ளை வாடிப்போகும். மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டாம், வெயில் தாழட்டும். தாகசாந்தியில் அன்போடு தருகிற சர்பத்தையும் மோரையும் வாங்கிக் குடியுங்கள். ஆனால் சின்னதுகளுக்கு வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. “தவறினால் போன் எடுக்கலாம்தானே” என்ற நம்பிக்கை. ஒலிபெருக்கி ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம், நூறு பிள்ளைகள் ஊதுகிற விசில் ஒரு பக்கம். போன் அடிப்பது காதில் விழாது. சனம் கூடினால் லைனும் கிடைக்காது. போய் இறங்கியவுடன் சந்திக்கிற இடத்தைக் காட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது. “கச்சான் கடைக்கு முன்னால்” என்று சொல்லி என்ன பயன்? வரிசையில் எல்லாமே கச்சான் கடை. கோயில் வாசல் என்றால் ஊரே அங்கேதான் நிற்கும். அசையாத, ஒன்றே ஒன்று மட்டும் இருக்கிற ஒரு மரமோ லைட் கம்பமோ பாருங்கள். எல்லாரையும் அங்கே கூட்டிப்போய் நிற்கவைத்துவிட்டுப் பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது, “என்னைக் காணாவிட்டால் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில்” என்பது. பக்கத்தில் கடை போட்டிருக்கிற ஒரு அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். இடத்தைவிட்டு அசையாதவர் அவர்தான். போன் நம்பரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். பிள்ளையின் பெயரை வெளியே தெரிகிறமாதிரி எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். வெளிக்கிடும்போது வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதட்டத்தில் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டது என்று தாய்க்கே மறந்துபோகும். படம் இருந்தால் அறிவிப்புச் சொல்பவரிடமோ பொலிஸிடமோ அதைக் காட்டினால் போதும்.

மூன்று, நான்கு குடும்பம் சேர்ந்து போனால் ஆபத்து குறையும் என்று நினைக்கிறோம். கூடத்தான் செய்யும். மாமி பார்க்கிறா என்று அம்மாவும், அம்மா பார்க்கிறா என்று மாமியும் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

காசு விசயம். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் ஒரு பைக் கச்சான் விற்கிற அம்மா எங்கே போவார்? 100, 500 தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். பிள்ளைகளிடம் எல்லாவற்றுக்கும் “மறுகா வாங்கித் தாறன் மகன்” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வாங்காமலே வருவது பெரிய அநியாயம். ஆளுக்கு இவ்வளவு என்று முதலே கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை முழுத் தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வாங்கலாம் என்பது மட்டும் நிபந்தனை. எட்டு வயதுப் பிள்ளைகூடத் தண்ணீர்த் துவக்கா, ஐஸ்கிறீமா என்று நின்று கணக்குப் பார்க்கும். அந்த யோசனையும் சேர்ந்ததுதான் திருவிழா.

கச்சான் வாங்கத் தெரியாமல் வாங்குபவர்களும் அதிகம். தாச்சியில் மணலோடு வறுபட்டுச் சுடச்சுட வருகிற கச்சான் வாயில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆறினால்தான் மொறுமொறுப்பு. சூட்டோடு பொலித்தீன் பைக்குள் கட்டினால் வேர்த்து நமத்துப்போகும். கடதாசிச் சரையில் கேளுங்கள், இல்லையென்றால் பையின் வாயைத் திறந்தபடி பிடியுங்கள். மணந்து பாருங்கள், சிக்கு மணம் வந்தால் பழசு. வெட்டி வைத்த அன்னாசியும் மாங்காயும் கண்ணைப் பறிக்கும். மூடாமல் தூசிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், கண்முன்னே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அந்தக் கடைகளில் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். பல பேர் பிள்ளைகுட்டியோடு வந்து, படங்குக்குக் கீழேயே படுத்து எழும்பி, ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் பின்னால் போகிறவர்கள். காப்புக்கும் பொம்மைக்கும் விலை பேசலாம், அது அங்கே வழக்கம்தான். கச்சான் அளந்து போட்டபிறகு மேலே ஒரு கைப்பிடி அவராகவே போடுவார்.

சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். செருப்பைக் கோயில் வாசலில் குவியலில் விடாமல் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருங்கள். வண்டியை ஒழுங்கைக்குள் யாருடைய கேற்றையும் மறித்து நிறுத்தாதீர்கள். மூட்டு வலியோடு வருகிறவரை முன்னால் இறக்கிவிட்டுத் தூரத்தில் நிறுத்தினாலும் பரவாயில்லை.

திரும்பி வருவதை யோசிக்காமல் போவது கடைசிப் பிழை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போய்வருவது லேசாகிவிட்டது. மண்டூருக்குக் குருமண்வெளியிலிருந்து பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விழா முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் துறைக்கு வருவார்கள். நித்திரைத் தூக்கத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இடித்துப் பிடித்து ஏறாதீர்கள். அடுத்த தடவைக்கு நில்லுங்கள், அல்லது கூட்டம் கலைவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கிளம்புங்கள். பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.