கால் பங்கு அளவு ஸ்டீல் ஃபிரேம்: எடையில் ஏமாறாதீர்கள்

கட்டடத்தின் கால் பங்கு அளவு எஃகு மாதிரியை ஷேக் டேபிளில் (நிலநடுக்கம் போல ஆட்டும் மேடை) சோதிக்க எங்கள் ஆய்வகத்துக்கு வரும் எம்.இ. மாணவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எல்லாத்தையும் நாலால வகுத்துட்டா போதுமா?" என்றுதான். நீளத்தை வகுக்கலாம். எடையைத் தானாகச் சுருங்க விட்டால் சோதனையே வீண்.

மாதிரியும் அதே எஃகு, புவியீர்ப்பும் அதே. அதனால் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) நிஜக் கட்டடத்தில் உள்ள அளவே வர வேண்டும். கால் அளவில் குறுக்குவெட்டுப் பரப்பு 16-ல் ஒரு பங்கு. நிறையும் 16-ல் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஆனால் கன அளவும், அதோடு நிறையும், 64-ல் ஒரு பங்காகிவிடுகிறது. நிஜத்தில் ஒரு தளம் 16 டன் என்றால் மாதிரிக்கு 1 டன் வேண்டும். தானாகக் கிடைப்பது 250 கிலோ. மீதி 750 கிலோவை நாம்தான் ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதில்தான் நான் சூடுபட்டேன். முதல் மாதிரியில் இரும்புப் பிளேட்டுகளை உத்திரத்தின் நீளம் முழுக்கப் போல்ட் போட்டு இறுக்கினேன். பிளேட்டும் உத்திரமும் ஒன்றாகி விறைத்துக்கொண்டன; அதிர்வெண் கணக்கைத் தாண்டி எகிறியது. சரி என்று தளர்த்தினால், ஆக்சிலரோமீட்டரில் (முடுக்கத்தை அளக்கும் கருவி) தகர டப்பாவைக் குலுக்கியது போல இரைச்சல். இப்போது பிளேட்டுகளை ஒரே கட்டாக முறுக்கி, உத்திரத்தின் நடுப்பகுதியில் இரண்டு சின்ன ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) மேல் மட்டும் உட்காரவைத்து இறுக்குகிறேன். முனைகள் வளைய இடம் கிடைக்கிறது.

நேரமும் சுருங்கும், 4-ன் வர்க்கமூலம் அளவுக்கு. கலிபோர்னியாவின் 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவின் 30 வினாடியை 15 வினாடியில் ஓட்டுங்கள். முடுக்கத்தைத் தொடாதீர்கள்.

கடைத் தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு 250 மெகாபாஸ்கல் என்று நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பாருங்கள், 300-க்கு மேலும் வரும்.

மேடையை ஓட்டுமுன் மேல் தளத்தைக் கயிற்றால் லேசாக இழுத்து, கயிற்றை வெட்டிவிடுங்கள். 10 சுற்றில் வீச்சு பாதியானால் தணிப்பு (அதிர்வு அடங்கும் அளவு) சுமார் 1.1 சதவீதம். 4, 5 என்று வந்தால் முதலில் ஸ்பேனரை எடுங்கள். எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும்.

அப்புறம் வெல்டிங். கலிபோர்னியாவின் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், உத்திரம் தூணோடு சேரும் இடங்களில் வெல்டுகள் விரிசல் விட்டன. தடித்த தகட்டில் பிளந்துபோகும் இணைப்பு, 2 மி.மீ. தகட்டில் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். அதனால் இணைப்பை மட்டும் முழு அளவில் தனியாகச் சோதியுங்கள். "மாதிரி தாங்கியது, எனவே வெல்டும் தாங்கும்" என்று எழுதிய அறிக்கையைப் பார்த்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.